இனாமல் எழுதிய பனியன்

என் கையில் பரிசு கொடுத்தவருக்கே அடுத்த வருஷம் என் முகம் ஞாபகம் இல்லை. அங்கிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தேன். அக்காவைக் கட்டிய மச்சான் அங்கே மேஸ்திரி. தடி புரட்டுவதும் பலகை அடுக்குவதும் என் வேலை. கலர் கம்பெனி முதலாளி பாட்டில் பெட்டிக்குப் பலகை எடுக்க அந்த மில்லுக்கு வருவார். சோடாவில் சீனியும் சாயமும் எசன்ஸும் சேர்த்து அடைத்தால் கலர். அவர் கம்பெனிக்குச் செத்துப்போன தன் அம்மா பெயரை வைத்திருந்தார். நீளமான பெயர். செங்கோட்டையிலிருந்து சுரண்டை வரைக்கும் பெட்டிக்கடைகளில் தொங்கும்.

ஒருநாள் தோளில் பலகையோடு நான் போனபோது மச்சான் என்னைக் காட்டினார்.

"அண்ணாச்சி, ஓடுத ஆளு வேணும்னு தேடுதியளாம்லா. இந்தா போறான் பாருங்க."

"இவனா? எங்கன ஓடியிருக்கான்?"

"குத்தாலம் சீசன் ஓட்டத்துல போன வருஷம் மொத ஆளு இவந்தான்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வருஷம் குடம் குடுத்தது நாந்தானடே."

"ஆமா. எனக்குத்தான் குடுத்திய," என்றேன்.

"ஒனக்கா?" அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "தம்பி, தப்பா நெனைக்காத. குடம் ஞாபகம் இருக்கு. மூஞ்சி ஞாபகம் இல்ல."

நான் பலகையை இறக்கப் போய்விட்டேன்.

அப்போது எங்கள் பக்கம் ஓட்டப் பந்தயத்துக்குப் பஞ்சமே இல்லை. கோயில் கொடை என்றால் ஓட்டம். ரசிகர் மன்றம் ஆண்டுவிழா என்றால் ஓட்டம். கட்சிக்காரர்கள் கொடியேற்றினால் ஓட்டம். ஒரு ஊரில் புறப்பட்டு அடுத்த ஊரைத் தாண்டினாலே நோட்டீஸில் மாரத்தான் என்று போட்டுவிடுவார்கள். நான் எல்லாவற்றுக்கும் போவேன். சின்ன வயதில் சைக்கிள் கிடையாது. எங்கே போனாலும் ஓடித்தான் போவேன். அந்தப் பழக்கம்தான். வேறே பயிற்சி என்று ஒன்றும் இல்லை.

பெரும்பாலும் முதலில் வருவேன். பரிசு எவர்சில்வர் குடம். வீட்டில் குடம் வைக்க இடமில்லை. அம்மா கல்யாண வீடுகளுக்கு அதையே மொய்யாகக் கொண்டுபோவாள். பிறகு நான் எந்தச் சொந்தக்காரன் வீட்டில் தண்ணீர் குடித்தாலும் குடத்தில் ஏதாவது ஒரு மன்றத்தின் பேர் வெட்டியிருக்கும். இது வடகரையில் வாங்கியது, இது பாவூர்சத்திரத்தில் வாங்கியது என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் குடத்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. ஓடுகிற உடம்புக்குப் பால் வேண்டும், முட்டை வேண்டும். காலுக்குக் கேன்வாஸ் சூ வேண்டும். எல்லாவற்றையும்விட, லீவு வேண்டும். பந்தயத்துக்கு ஒருநாள், பந்தயம் முடிந்த அலுப்புக்கு ஒருநாள் என்று நான் மில்லுக்கு மட்டம் போட்டபடி இருந்தேன். மில் ஓனர் மச்சானைக் கேட்டார். மச்சான் என்னைக் கேட்டார்.

"இந்த சீசன் ஓட்டத்தோட நிப்பாட்டிரு. இல்ல, ஒன்ன வச்சுக்கிடுததுக்கு ஒரு கடைக்காரனப் பாரு. ரெண்டுல ஒண்ணு. என்னால ஓனர்கிட்ட பதில் சொல்ல முடியல."

அவர் சொன்னதில் தப்பு இல்லை.

கடைக்காரன் ஓட்டக்காரனை வைத்துக்கொள்வது அப்போது உண்டு. சில பேர் கபடி டீம் வைத்திருப்பார்கள். சில பேர் வில்வண்டி மாடு வைத்திருப்பார்கள். அதேபோலத்தான் இதுவும். கடைப் பேர் போட்ட பனியன் கொடுப்பார்கள். சூ, பால், முட்டை அவர்கள் பொறுப்பு. கடையிலேயே வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். பந்தயத்தன்று லீவு. அப்படி ஒரு இடம் கிடைத்தால் நான் ஓடலாம். கிடைக்காவிட்டால் ஓட்டம் முடிந்தது. எனக்கு அப்போது வேறே ஆசை எதுவும் கிடையாது.

வடகரைக்காரன் ஒருத்தன் இருந்தான். என் வயதுதான். எந்த ஓட்டத்திலும் எனக்குப் பின்னால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவான். அவனைத் தென்காசி ஜவுளிக்கடை ஒன்று வைத்திருந்தது. தீபாவளி சமயத்தில் கடை வாசலில் அவனை நிறுத்துவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுப்பான். பொம்பளைகள் பிள்ளைகளைத் தூக்கி அவனிடம் காட்டுவார்கள். என்னை ஜெயிக்க முடியாதவனை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவனிடமே கேட்டேன். அவன் கோபப்படுகிற ஆள் இல்லை.

"மாப்ள, நீ களவாண்டுட்டு ஓடுதவன் மாதிரி ஓடுதலே. தலயத் தூக்குதியா? புளியமரத்து நெழல்ல ஓரமாவே போற. ஜனம் நிக்கது எங்கன, நீ ஓடுதது எங்கன? நான் நடு ரோட்டுல வாறேன். ஆச்சி, தண்ணி தாங்கன்னு கேக்கேன். அண்ணாச்சி, இன்னும் எம்புட்டு தூரம்னு கேக்கேன். எனக்குத் தெரியாதா எம்புட்டு தூரம்னு?"

"தெரிஞ்சா ஏன் கேக்க?"

"அவனுக்குப் பதில் சொல்லணும்னு ஆசையா இருக்கும்லே. சொன்னவன் என்னைய மறப்பானா? நீ மொதல்ல வந்து, குடத்த வாங்கி, துண்டால மூடி, பஸ்ஸுல ஏறிப் போயிருத. ஒன்ன எவன் பாத்தான்?"

உண்மைதான். பந்தயம் முடிந்ததும் அங்கே நிற்க எனக்குக் கூச்சம். ஜெயித்தவன் மாலையோடு கடைத்தெருவில் ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, கொடுத்ததைக் குடித்து, கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வழக்கம் அது. ஒரு தடவைகூட நான் செய்ததில்லை.

முகம் ஞாபகம் இல்லை என்று சொன்ன முதலாளி, அடுத்த வாரம் பலகைக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டார். ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு ஆள் இருக்கிறான், தனக்கு இல்லை என்பது அவருக்கு உறுத்தலாகவே இருந்திருக்கிறது.

"ஒன் மூஞ்சி ஞாபகம் இல்லாட்டி என்ன, நெஞ்சுல அம்மா பேரு இருக்கும்லா. மொத ஆளா வந்தா எல்லாவனும் வாசிப்பான். இந்த சீசன் ஓட்டத்துல பாப்போம். எனக்குத் திருப்தியா இருந்துச்சுன்னா கம்பெனிக்கே வந்துரு."

சரி என்றேன்.

அடுத்தது பனியன். முந்தின வருஷம் ஒரு காப்பித்தூள் கடைக்காரர் தன் ஆளுக்கு மையால் பேர் எழுதிக் கொடுத்தார். குற்றாலத்துச் சாரலில் மை கரைந்து, பேர் வயிற்றுக்கு இறங்கி, டவுசருக்கும் போய்விட்டது. ஊரே சிரித்தது. அந்தப் பயம் முதலாளிக்கு இருந்தது. அதனால் கடைத்தெருவில் போர்டு எழுதுகிற பெயிண்டரிடம் போனார். லாரிக்குப் பின்னால் எழுதுகிறவர். நல்ல கை. சாரல் என்ன, பெருமழையே பெய்தாலும் போகக் கூடாது என்று முதலாளி சொன்னார். பெயிண்டர் பனியனைப் பலகையில் இழுத்துக் கட்டினார். வெள்ளை இனாமலை ஒரு பூச்சு பூசினார். அதன்மேல் நீல எழுத்து, எழுத்துக்கு நிழல், அடியில் ஒரு சிவப்புக் கலர் பாட்டில், பாட்டிலுக்குள் நுரை. பார்க்க அவ்வளவு அழகு.

காய்ந்த பிறகு எடுத்துக் கீழே வைத்தால் தகரம் மாதிரி நின்றது.

"பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி," என்றார் பெயிண்டர்.

முதலாளி தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. அவருக்கு ரொம்ப சந்தோஷம். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஓட வேண்டும் என்பது அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

சீசன் ஓட்டம் தென்காசிப் பெரிய கோயில் முன்னால் புறப்படும். கோபுரம் அப்போது கட்டவில்லை, மொட்டையாக நிற்கும். இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்குப் போய், திரும்பி இலஞ்சிக்கே வந்து, அங்கிருந்து குற்றாலத்துக்குத் திரும்ப வேண்டும். அருவிக்குப் போகிற கடைத்தெருவில் முடிவு.

காலையில் சாரல் இருந்தது. வெயில் இல்லை, காற்று குளிர்ச்சி. ஓட நல்ல நாள். எனக்கு வடகரைக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. நடு ரோட்டில் ஓடினேன். இலஞ்சியில் முதலாளி வீடு ரோட்டைப் பார்த்து இருக்கும். மாடியில் அவர் சம்சாரம் நின்றார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கையைக் காட்ட வரவில்லை.

செங்கோட்டை வருவதற்கு முன்னாலேயே நெஞ்சில் மணல் மாதிரி உரச ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் முலைக்காம்பு. பனியன் நனைந்து கனத்துவிட்டது. எழுத்து இருந்த இடம் மட்டும் மடங்காமல், கை வீசும்போதெல்லாம் மேலும் கீழும் அறுத்தது. மில்லில் ரம்பம் போகிற மாதிரிதான். கையால் பனியனை முன்னால் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தால் ஓட முடியவில்லை. விட்டுவிட்டேன்.

செங்கோட்டையில் திரும்பும்போது நான்தான் முதலில். திரும்பின பிறகு ஓட்டம் குறைந்தது. வடகரைக்காரன் பின்னால் வந்து சேர்ந்தான்.

"மாப்ள, நெஞ்சுல என்னதுலே?"

"ஒண்ணுமில்ல."

"ரத்தம்லே! குனிஞ்சு பாரு."

பார்த்தேன். வெள்ளைப் பூச்சின்மேல் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. சாரல் தண்ணீரில் பரவி, பேருக்கு அடியில் இருந்த பாட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

"கழத்தித் தூரப் போடு."

"போட்டா பேரு போயிரும். பேரு போனா வேலயும் போயிரும்."

அவன் கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே ஓடினான். அவன் பேசாமல் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு, "நான் போட்டுமா?" என்று கேட்டான். போ என்றேன். போனான். அதன்பிறகு இன்னொருத்தனும் தாண்டினான்.

இலஞ்சியில் மறுபடியும் அந்த மாடி. முதலாளி சம்சாரம் அங்கேயே நின்றார்கள். போகும்போது வெள்ளையாகப் போன பனியன் திரும்பும்போது சிவப்பாக வந்ததைப் பார்த்துவிட்டார்கள். என்னவோ சத்தம் போட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை.

குற்றாலத்துக்குள் நுழைந்தபோது சீசன் கூட்டம் ரோட்டோரம் நின்றது. எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போகிறவர்கள், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வருகிறவர்கள். முதல் ஆள் போனதைப் பார்த்துக் கை தட்டிவிட்டு அப்போதுதான் கலையப் பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"ஐயோ, எவனோ குத்திட்டான்!"

"குத்துப்பட்டவன் இப்படி ஓடுவானா?"

"யாரு பெத்த பிள்ளையோ. நெஞ்சுல என்ன எழுதியிருக்கு, வாசி."

ஒருத்தர் எழுத்துக் கூட்டி வாசித்தார். நீளமான பேர் அல்லவா, இரண்டு தடவை தப்பு விட்டார். பக்கத்தில் நின்றவர் திருத்தினார். அப்படியே அந்தப் பேர் ரோடு முழுக்க எனக்கு முன்னால் ஓடியது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் கட்சிக்கூட்டத்தில் பேசிப் பழகினவர். அவருக்கு இது போதாதா? "நெஞ்சிலே குருதி கொப்பளிக்க, கொண்ட கொள்கையிலே தளராமல் ஓடி வருகின்ற நம் தென்காசித் தம்பி" என்று தொடங்கி, கம்பெனிப் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு எந்தக் கொள்கையும் இல்லை. பனியனைக் கழற்ற முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக வந்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நேராக அருவிக்குப் போய்ப் பனியனோடு நின்றேன். தண்ணீர் நெஞ்சில் விழுந்ததும் கத்திவிட்டேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ரத்தம் போய்விட்டது. எழுத்து அப்படியே இருந்தது. பெயிண்டர் சொன்னது சரிதான்.

வெளியே வந்ததும் மசாஜ் செய்கிறவர் ஒருத்தர் என்னை உட்காரவைத்துப் பனியனை மெதுவாக உரித்தார். தன் கிண்ணத்தில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துப் பைய வைத்தார். "பனியன்ல இனாமல் அடிச்ச புண்ணியவான் எவம்லே?" என்றார். நான் சொல்லவில்லை. பனியனைக் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து வாங்கிப்போனார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி மில்லுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் அல்வாப் பொட்டலம் இருந்தது.

"குத்தாலத்துல சரக்கு காலியாயிட்டு தம்பி. செங்கோட்டைல இருந்தும் ஆளு வந்து நிக்கான். எவனும் பேரச் சொல்லல. ரத்தங்கக்கி ஓடுனாம்லா, அவன் கலரு குடுன்னு கேக்கானாம். செவப்புதான் வேணுமாம். மஞ்சக் கலர ஒருத்தன் தொட மாட்டேங்கான்."

மச்சான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல வந்தவன் யாருன்னு நானும் பத்துப் பேருகிட்ட கேட்டுட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலில் வந்தவன் வேறு யாருமில்லை, வடகரைக்காரன். அவனையே அன்றைக்கு மறந்துவிட்டார்கள்.

பிறகு முதலாளி பேச்சை இழுத்தார். "அடுத்து சுரண்டைல கொடை ஓட்டம் வருது... ஒனக்குப் புதுப் பனியன் எடுக்கலாம்தான்... அதுவும் நல்லாத்தான் இருக்கு, இல்ல? இனாமலும் இன்னும் உரியல..."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கொட்டியிருந்த மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"அதையே போடுதேன்," என்றேன்.

அவர் போன பிறகு மச்சான் என்னிடம், "வேண்டாம்லே. ஓனருகிட்ட நான் பேசிக்கிடுதேன். கைய கால ஒடிச்சு ஒரு வேல எதுக்கு?" என்றார்.

"கை காலு நல்லாத்தான இருக்கு."

"பேசாத பய. பேசுனா இப்படித்தான் பேசுவ."

சுரண்டைக்கு முந்தின நாள் பனியனை வாங்க இலஞ்சி வீட்டுக்குப் போனேன். முதலாளி நாற்காலியில் இருந்தார். எழுந்து நின்றார். எனக்காக எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்துகொண்டிருந்தார்கள்.

"வாப்பா. ஆறிட்டா?"

"ஆறுது."

"ஆறுததுக்குள்ள அடுத்ததுக்குக் கூப்பிட்டாச்சு, என்ன?" இது எனக்கு இல்லை, முதலாளிக்கு. அவர் சுவரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தார். அதைப் பார்த்தது தப்பாகப் போய்விட்டது.

"என்ன பாக்கிய? அத்தை பேருதான அது? கண்டவங்க கால்ல மிதிபடும்னு அத்தை பேரு போட்ட தாளக்கூட குப்பைல போட விடமாட்டிய. இப்ப அந்தப் பேரு ஒரு பிள்ள ரத்தத்துல நனஞ்சு வருது, சரக்கு வித்துட்டு சரக்கு வித்துட்டுன்னு குதிக்கிய. அத்தை இருந்தா இந்த வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியுமா?"

முதலாளி படத்தை விட்டுத் தரையைப் பார்த்தார்.

"அந்தப் பனியன நேத்தே வெந்நி அடுப்புல வச்சிட்டேன். வீடு பூரா ஒரே நாத்தம்."

என் கையில் ஒரு பொட்டலத்தைத் தந்தார்கள். உடுத்தி உடுத்தி மெலிந்த நல்ல பருத்திப் பனியன். புதுசு இல்லை, துவைத்து மிருதுவாக்கியது. நெஞ்சில் ஒன்றும் இல்லை. தோளுக்குக் கீழே இடது பக்கம் ஓரமாக, சிவப்பு நூலில் அத்தை பேரைச் சின்னதாகத் தைத்திருந்தார்கள். உள்பக்கம் நூல் உறுத்தாமல் இருக்க ஒரு மல்துணித் துண்டு வைத்துத் தைத்திருந்தது.

நான் கும்பிட்டேன். முதலாளி வாசல் வரைக்கும் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இம்புட்டூண்டு எழுத்து. ஓடுதவன் நெஞ்சுல எவன் தம்பி வாசிப்பான்?"

"எனக்குத் தெரியல."

"பாப்போம். எப்படியும் சுரண்டைய வச்சுத்தான் நானும் முடிவு பண்ணணும். நான் ஒருத்தன் மட்டும் கம்பெனி இல்லல்லா. பாகஸ்தன் இருக்கான்."

சுரண்டையில் கூட்டம் எங்கள் கூட்டம் இல்லை. சந்தைக்கு வந்த ஜனமும் சேர்ந்துவிட்டது. புறப்படும் முன்னாலேயே என் காதில் விழுந்தது. ரத்தங்கக்கி ஓடுகிறவன் இன்றைக்கு வருகிறானாம். ஒரு அம்மா மஞ்சள் அரைத்தே கொண்டுவந்திருந்தாள், என் புண்ணுக்குப் போட. அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். எனக்குப் பின்னால் எட்டி எட்டி அவனைத் தேடினாள்.

அன்றைக்கு நன்றாக ஓடினேன். பனியன் உடம்பில் இருப்பதே தெரியவில்லை. நெஞ்சில் பொருக்கு மட்டும் இழுத்தது. முதல் ஆளாக வந்தேன். பின்னால் கண்ணுக்கெட்டின தூரம் ஒருத்தனும் இல்லை.

கை தட்டினார்கள். தட்டிவிட்டு எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்கள்.

"அவன் எங்க?"

"எவன்?"

"ரத்தக்காரன்."

"இவந்தான்னு சொல்லுதாங்க."

"போவே. இவன் நெஞ்சு பால் மாதிரி இருக்கு."

முதலாளி முடிவுக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிச் சிவப்புக் கலரோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் பாகஸ்தர். பாகஸ்தர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஒரு பாட்டிலை உடைத்து என் கையில் கொடுத்தார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. நான்தான் அவன் என்று ஜனத்திடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மைக் பக்கத்தில்தான் இருந்தது. வாய் வரவில்லை. தாகமாக இருந்தது. குடித்தேன். முழுப் பாட்டிலையும் ஒரே மூச்சில்.

வடகரைக்காரன் இரண்டாவதாக வந்தான். ஜவுளிக்கடைப் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே ஜனத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முதலாளி முகத்தையும் பார்த்தான். அவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. நேரே போய் மைக்கைப் பிடித்தான்.

"ஏ ஆச்சிமாரே, அண்ணாச்சிமாரே! யாரத் தேடுதிய? ரத்தக்காரனயா? இந்தா, ஊமக் கோட்டான் மாதிரி முழிக்கானே, இவந்தான் அவன்!"

"அப்ப ரத்தம் எங்கவே?" என்று ஒருத்தர் கேட்டார்.

"உள்ளது பூராவத்தையும் குத்தாலத்துலயே கொட்டிட்டான். இனிமே கொட்டுததுக்கு என்ன இருக்கு? இப்ப அவன் ஒடம்புல ஓடுதது அம்புட்டும் அந்தச் செவப்புக் கலருதான். இல்லன்னா இந்த ஓட்டம் ஓடுவானா? என்னாலயே பிடிக்க முடியல. சந்தேகம்னா குத்திப் பாருங்க, நொரயா வரும்!"

சொல்லிக்கொண்டே வந்து என் வயிற்றில் ஒரு விரலால் குத்தினான். மைக் அவன் மற்ற கையில் இருந்தது. எனக்குக் குடித்த கலர் மேலே வந்தது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. பெரிய ஏப்பம். நேராக மைக்குக்குள்.

கொடைக்குக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையிலும் கேட்டது.

பிறகு சிரித்தார்கள் பாருங்கள். மரத்தில் இருந்த காக்கா எல்லாம் பறந்துபோய்விட்டது. மஞ்சள் அரைத்துவந்த அம்மா சிரித்தாள். பாகஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பந்தயத்தில் நான் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்ததாக, கூட்டத்தில் நின்ற மச்சான் அப்புறம் சொன்னார்.

பெட்டி காலியானது. திங்கட்கிழமை கம்பெனிக்கு வரச் சொல்லிவிட்டார் பாகஸ்தர். அந்த அம்மா மஞ்சளை வீணாக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பாட்டில் வாங்கிப்போனாள். கடைத்தெருவில் ஒவ்வொரு கடை முன்னாலும் என்னை நிறுத்தினார்கள். நின்றேன். வடகரைக்காரன் கூடவே வந்தான். அவனுடைய ஜவுளிக்கடை அண்ணாச்சி வழியில் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, எங்கிட்ட சோத்தத் தின்னுட்டு அவனுக்கு வெளம்பரம் பண்ணுதியா?"

"அண்ணாச்சி, கலரக் குடிச்சவன் துணி உடுக்க மாட்டானா? கலரு வேட்டில கொட்டுனா அடுத்த வேட்டிக்கு நம்ம கடைக்குத்தான வரணும்."

அவரும் சிரித்துவிட்டார். அவனிடம் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அதுதான் அவன் சம்பாத்தியம்.

"எதுக்குலே இதச் செஞ்ச?" என்று திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"நீ நின்னுட்டன்னா நான் யாரு பின்னால ஓடுதது? மொதல்ல வந்து பாத்துட்டேன்லா, குத்தாலத்துல. ஒரு பய திரும்பிப் பாக்கல. எனக்கு ரெண்டாவதுதான் ராசி."

ஜன்னலில் சாய்ந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு ஒன்ன விட்டுட்டுப் போனதும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"போன்னு நாந்தான சொன்னேன்."

"நீ எதுக்குத்தான் வேண்டாம்னு சொல்லியிருக்க?"



அந்தத் திங்கட்கிழமை கலர் கம்பெனிக்குப் போனேன். பாட்டில் கழுவுகிற சத்தம் வெளியே கேட்டது. வாசலில் லாரி நின்றது. ஆள்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலவே கைலியும் தலையில் துண்டுமாக இருந்தார்கள். நான் அவர்களோடு போய் நின்றேன். நானாக ஒன்றும் சொல்ல வேண்டாம், முதலாளி வந்து யாரென்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

முதலாளி கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டு வந்தார். ஆள்களைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பினார்.

"வந்துட்டியா? உள்ள போயி மொதல்ல பாலக் குடி. பொறவு பெட்டியத் தூக்கு," என்றார்.

யாரென்று கேட்கவில்லை.